குஜரி கடையிலிருந்து ஐம்பது பிரதிகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றுகின்றன: தூக்கி எறிந்த சாமான்களைப் பார்த்து உருவாக்கி, எண்ணிக்கை வைத்து அச்சிட்டு விற்கும் ஓவியங்கள். நேரே கேள்விக்குப் போய்விடுவோம்.

தேய்ந்த செருப்பு, நசுங்கிய டம்ளர், காலி மாத்திரை அட்டை. இவற்றை வரைந்து, 'லிமிடெட் எடிஷன்' என்று சட்டம் போட்டு விற்கிறார்கள். தெருவில் கிடந்தால் குப்பை, சுவரில் தொங்கினால் கலையா?
— மளிகைக் கடைக்காரர், ஹெப்பகோடி

சுவருக்கு அந்தச் சக்தி கிடையாது. பார்க்கிற கண்ணுக்கு உண்டு. அமெரிக்கப் புகைப்படக்காரர் இர்விங் பென், 'வோக்' பத்திரிகைக்காக உலகின் விலை உயர்ந்த உடைகளைப் படமெடுத்தவர். 1972-இல் நியூயார்க் தெருக்களில் கிடந்த சிகரெட் துண்டுகளைப் பொறுக்கி வரச்செய்து, ஸ்டுடியோவில் வைத்துப் படமெடுத்தார். பிளாட்டினம் கலந்த மிக நுட்பமான முறையில் பெரிய பிரிண்ட்களாகப் போட்டார். 1975-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. ஒரு துண்டு கடிபட்டிருக்கும், ஒன்று பாதியிலேயே அவசரமாக நசுக்கப்பட்டிருக்கும், ஒன்று கடைசி இழுப்புவரை எரிந்திருக்கும். புகைத்தவரின் முகம் இல்லாமலே அவருடைய அவசரமும் பதற்றமும் தெரிந்துவிடும்.

நீங்களும் காலிச் சாக்கைப் பார்த்தே எலி எந்தப் பக்கம் நுழைந்தது என்று சொல்லிவிடுவீர்கள் அல்லவா? அந்தக் கவனம் தாளில் இறங்கியிருந்தால் அது கலை. இறங்காமல் செருப்புப் படம் மட்டும் இருந்தால் வாங்க வேண்டாம்.

மெஷின் இருக்கிறது, பட்டனைத் தட்டினால் லட்சம் பிரதி வரும். பிறகு ஏன் ஐம்பதோடு நிறுத்த வேண்டும்? செயற்கையாகத் தட்டுப்பாடு உண்டாக்குவதுதானே இது?
— ஐ.டி. ஊழியர், எலக்ட்ரானிக் சிட்டி

நியாயமான சந்தேகம். தொடக்கத்தில் அது செயற்கை அல்ல. செம்புத் தகட்டில் ஊசியால் கீறி அச்செடுக்கும்போது, கீறலின் ஓரத்தில் உலோகம் மெல்லிய வரப்பாக எழும்பி நிற்கும். மை அதில்தான் தங்கும். ஒவ்வொரு பிரதி எடுக்கும்போதும் பிரஸ்ஸின் அழுத்தத்தில் அந்த வரப்பு நசுங்கும். சில பத்துப் பிரதிகளுக்குள் கோடு மெலிந்து உயிர் போய்விடும். ஆகவே தகடே எல்லை வகுத்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விஸ்லர் போன்ற ஓவியர்கள் பிரதிகளைக் குறைவாகவே எடுத்து, பென்சிலால் கையெழுத்திட்டு விற்கத் தொடங்கினார்கள். அதிலிருந்து எண்ணிக்கை ஓர் உறுதிமொழியாக மாறியது. கீழ் ஓரத்தில் 7/50 என்று இருந்தால், எடுத்தவை ஐம்பது, உங்கள் கையில் இருப்பது ஏழாவது. 'ஏ.பி.' என்று இருந்தால் ஓவியர் தனக்காக வைத்துக்கொள்ளும் பிரதி. அது வழக்கமாக மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போவதில்லை. ஐம்பது முடிந்ததும் தகட்டின் மேல் குறுக்கே கோடு கிழித்து அதைச் செல்லாததாக்குவார்கள். அந்தக் கிழிப்புதான் வாங்குபவருக்குக் கொடுக்கும் வாக்கு.

எதிர்ப்புறம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபோது எண்ணிக்கைக்கு வரம்பே வைக்கவில்லை. லட்சுமியும் சரஸ்வதியும் ஏழை வீட்டுப் பூஜை மாடம்வரை போனார்கள். அதுவும் பெரிய காரியம். எண்ணிக்கை குறைவு என்பதாலேயே ஒரு படம் உயர்ந்ததாகிவிடாது. 'ஐம்பது' என்று சொன்னவர் ஐம்பதில் நின்றாரா என்பதுதான் கேள்வி. ஹெப்பகோடியிலும் பொம்மசந்திராவிலும் மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலைகளுக்கு நடுவே வாழ்கிறோம். ஒரு பொருளை இத்தனைதான் செய்வேன், இதற்கு மேல் செய்யமாட்டேன் என்று ஒருவர் சொல்வதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

500 பிரதி, 'ஜிக்லே பிரிண்ட்', சான்றிதழோடு வருகிறது என்கிறார்கள். வாங்கலாமா?
— புதுமணத் தம்பதி, வீரசந்திரா

பிடித்திருந்தால் வாங்கலாம். ஜிக்லே என்பது உயர்தர இன்க்ஜெட் அச்சு. ஓவியத்தை ஸ்கேன் செய்து நல்ல மையில், நல்ல தாளில் எடுப்பது. அதில் குற்றம் இல்லை. ஆனால் தகட்டில் கையால் செய்த பிரிண்டின் விலையை அதற்குக் கேட்டால் மறுத்துவிடுங்கள். நம் சுங்க வரி அட்டவணையே இந்த வேறுபாட்டைத் தெளிவாக வைத்திருக்கிறது. 97-ஆம் அத்தியாயத்தின்படி, ஓவியர் முழுக்கத் தன் கையால் செய்த தகட்டிலிருந்து நேரடியாக எடுத்ததுதான் 'மூல அச்சு'. இயந்திர முறையிலோ புகைப்பட முறையிலோ எடுத்தது அதில் சேராது. கடைக்காரரிடம் தகட்டை யார் செய்தார், மொத்தம் எத்தனை, ஏ.பி. எத்தனை, வேறு அளவில் இன்னொரு எடிஷன் வருமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

பெங்களூரில் குப்பைச் சாமானை வைத்து உருப்படியாக யாராவது செய்திருக்கிறார்களா? வெளிநாட்டுப் பெயராகவே சொல்கிறீர்கள்.
— கல்லூரி மாணவி, ஹெப்பகோடி

ஷீலா கௌடா. பத்ராவதியில் பிறந்து, பெங்களூரில் வாழ்ந்து வேலை செய்பவர். சாலை போடும் இடத்தில் காலித் தார் டின்களைப் பார்த்திருப்பீர்கள். சாலைத் தொழிலாளர்கள் அவற்றை வெட்டித் தட்டையாக்கி, குடிசைக்குச் சுவரும் கூரையுமாக வைத்துக்கொள்வார்கள். ஷீலா அதே டின்களைக் கொண்டு 2006-இல் 'டார்க்ரூம்' என்ற ஒரு கட்டுமானத்தை எழுப்பினார். முன்பக்கம் டின்கள் தூண்களைப் போல நிற்கும், ஒரு கோட்டை வாசலின் தோரணை. உள்ளே போகக் குனிய வேண்டும். உள்ளே இருட்டு. நிமிர்ந்து பார்த்தால், கூரைத் தகட்டில் போட்ட பொடி ஓட்டைகள் வழியாக வெளிச்சம் நட்சத்திரங்களாகத் தெரியும்.

இது பிரிண்ட் அல்ல, நிறுவல் கலை. ஆனாலும் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். அந்தத் தொழிலாளி டின்னை வீடாக்கியபோதே பாதி வேலை முடிந்துவிட்டது என்பதை ஷீலா மறைக்கவில்லை. தொழிலாளியின் அறிவைத் தன் படைப்புக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். எறிந்த பொருளை வைத்துக் கலை செய்பவர்களிடம் நான் தேடுவது இந்த நேர்மையை.

நம் பகுதிக்கு வருவோம். ஆனேக்கல் தாலுகாவின் இந்தப் பட்டை முழுக்க ஆலைகள். தையல் ஆலைத் துணி வெட்டு, பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டை, மரப் பேலட், ஒட்டுப் பிரித்த லேபிள் தாள், மாத்திரை அட்டையின் அலுமினியத் தகடு. ஒவ்வொன்றிலும் ஒரு வேலையின் தடம் இருக்கிறது. ஒரு வாரம் பழைய சாமான் வாங்கும் குஜரி கடை வாசலில் உட்கார்ந்து வரைந்து பாருங்கள். வருவதை எனக்கு அனுப்புங்கள்.

இருபது வருடமாக ஓசூர் சாலையில் ஓட்டுகிறேன். என் டயரின் தேய்மானத்தைப் படமாக்க முடியுமா? மகன் சிரிக்கிறான்.
— லாரி ஓட்டுநர், அத்திபெலே

மகனிடம் இதைச் சொல்லுங்கள்: 1953-இல் நியூயார்க்கில் ராபர்ட் ரவுஷன்பர்க் என்ற ஓவியர் இருபது தாள்களை நீளமாக ஒட்டித் தெருவில் விரித்தார். இசையமைப்பாளர் ஜான் கேஜ் தன் ஃபோர்டு காரை அதன்மேல் நேராக ஓட்டினார். டயருக்குக் கறுப்புப் பெயிண்ட். ஏறக்குறைய 22 அடி நீளத்தில் ஒரே கோடாக டயர் தடம். இன்று அது சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காரின் டயர் அங்கே போகலாம் என்றால் லாரியின் டயர் ஏன் போகக்கூடாது? வண்டியை யார்டில் நிறுத்திவிட்டு, கழற்றிப் போட்ட பழைய டயரை உருட்டியே எடுங்கள். சாலையில் வேண்டாம்.

பொறுக்குவது நாங்கள். பிரிப்பது நாங்கள். படம் போட்டுச் சம்பாதிப்பது வேறு ஆள். இதில் எங்களுக்கு என்ன?
— தூய்மைப் பணியாளர், சந்தாபுரா

இந்த முறை வந்தவற்றில் கனமான கேள்வி உங்களுடையது. பூசி மெழுகாமல் சொல்கிறேன்: பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை. அது தவறு.

தில்லி ஓவியர் விவான் சுந்தரம் 2008-இல் 'ட்ராஷ்' என்ற தொடரைக் காட்சிப்படுத்தினார். தன் ஸ்டுடியோத் தரை முழுக்கக் குப்பையால் ஒரு நகரத்தையே கட்டினார். தெருக்கள், கட்டடங்கள், மைதானங்கள். மேலிருந்து படமெடுத்துப் பெரிய டிஜிட்டல் பிரிண்ட்களாகப் போட்டார். தூரத்தில் நின்றால் நகரத் திட்ட வரைபடம், நெருங்கினால் நசுங்கிய கேன்களும் பல் துலக்கும் பிரஷ்களும். அந்த வேலையில் 'சிந்தன்' என்ற அமைப்பின் மூலம் குப்பை பொறுக்கும் தொழிலாளர்களும் சேர்ந்து உழைத்தார்கள். எங்கிருந்து வந்தது, யார் கை பட்டது என்பது மறைக்கப்படவில்லை. அது முதல் படி, அவ்வளவுதான். அதையே எல்லை என்று வைத்துக்கொள்ளக்கூடாது.

பெங்களூரு மாநகராட்சி 2011-இல் குப்பை பொறுக்குபவர்களுக்குத் தொழில் அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கியது. 'ஹசிரு தளா' போன்ற அமைப்புகள் அந்த அட்டையைப் பலரிடம் கொண்டு சேர்த்தன. நகரமே இவர்களைத் தொழிலாளர் என்று ஏற்றுக்கொண்ட பிறகு, ஓவியர்கள் மட்டும் 'கிடைத்த பொருள்' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அது கிடைத்ததல்ல, ஒருவர் எடுத்துக் கொடுத்தது. ஓவியர் மூன்று காரியம் செய்யட்டும்: எடை விலைக்கு மேல் ஒரு விலை கொடுக்கட்டும். பிரித்து எடுத்த நேரத்துக்குக் கூலி கொடுக்கட்டும். ஐம்பதில் ஒரு பிரதியை, எண்ணும் கையெழுத்துமாக, பொருளைக் கொடுத்தவரிடம் ஒப்படைக்கட்டும். நாளை அது விலை ஏறினால் ஏற்றம் உங்களுக்கும் வரும். எந்த ஓவியராவது உங்களிடம் வந்தால், தயங்காமல் மூன்றையும் கேளுங்கள்.

பழைய அட்டைப்பெட்டியை அப்படியே சுவரில் ஒட்டினால் போதாதா? எதற்கு அதை அச்சடிக்க வேண்டும்?
— பேக்கிங் பிரிவுத் தொழிலாளி, பொம்மசந்திரா

மறுபடி ரவுஷன்பர்க்தான், மன்னிக்கவும், இந்தக் கேள்விக்கு அவரைவிட நல்ல ஆள் இல்லை. 1971-இல் 'கார்ட்பேர்ட்' என்று ஒரு தொடர் செய்தார். கிழிந்த அட்டைப்பெட்டிகள், அவற்றின்மேல் முகவரிச் சீட்டு, ஒட்டு நாடா, ஈரக்கறை. பார்த்தால் குப்பைத்தொட்டியிலிருந்து நேரே வந்தது போலிருக்கும். உண்மையில் லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள ஜெமினி அச்சுக்கூடத்தில் அந்தக் கறையும் நாடாவும் லேபிளும் ஒவ்வொன்றாக அச்சில் மறுபடி உருவாக்கப்பட்டவை. அட்டையை அதே வடிவத்தில் வெட்டி, மடித்து, ஒட்டி, எழுபத்தைந்து பிரதி. ஒரு பெட்டி தற்செயலாகக் கிழிவது சுலபம். எழுபத்தைந்து பெட்டிகள் ஒரே மாதிரி கிழிந்திருக்க எத்தனை கை வேலை வேண்டும், பேக்கிங்கில் இருக்கும் உங்களுக்கே தெரியும். யாரும் இரண்டாம் முறை பார்க்காத ஒன்றுக்கு இவ்வளவு உழைப்பைக் கொடுத்தார், அதனால்தான் அச்சு.

அவர் இந்தியாவுக்கும் வந்தார். 1975-இல் அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தின் விருந்தினராகத் தங்கி, காந்தி ஆசிரமத்தின் காகித ஆலையில் வேலை செய்தார். துணிக்கூழ்க் காகிதத்தில் மூங்கிலும் துணித் துண்டும் பதித்து ஒரு தொடர். மண், வெந்தயப் பொடி, புளியங்கொட்டை மாவு, பசை எல்லாம் காகிதக்கூழோடு குழைத்து இன்னொரு தொடர். நம் கிராமத்துச் சுவர் பூச்சின் கலவை, எண்ணிக்கை வைத்த கலைப் பதிப்பாக அமெரிக்கா போனது. அந்தக் கலவையின் அறிவு அகமதாபாத் ஆலைக்காரர்களுடையது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

தமிழ்நாட்டில்?
— ஓசூர் வாசகர்

சென்னை, தாரா புக்ஸ். 1994-இல் தொடங்கிய பதிப்பகம். அவர்களுடைய பல புத்தகங்கள் கையால் ஸ்க்ரீன் பிரிண்ட் செய்தவை, பிரதிக்கு எண் போட்டவை. 2006-இல் வந்த கோண்டு ஓவியர்களின் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' உலகம் சுற்றியது. கறுப்புத் தாளில் ஒவ்வொரு வண்ணமும் தனித்தனியாக, கையால் இழுத்த மை.

நான் சொல்ல வந்தது அதன் கழிவைப் பற்றி. ஸ்க்ரீன் பிரிண்டில் மை சரியாக இறங்குகிறதா என்று பார்க்க முதலில் சோதனைத் தாள் போடுவார்கள். அதே தாளில் மறுபடி இன்னொரு படத்தின் சோதனை, அதன்மேல் இன்னொன்று. ஒரு மானின் கொம்புக்குள் வேறு புத்தகத்து மீன் நீந்தும். எந்த அச்சகத்திலும் இது எடைக்குப் போகும் தாள். தாராவில் அவற்றை அட்டையாக்கி, 'ஃப்ளூக்புக்' என்று நோட்டுப் புத்தகங்களாக வெளியிட்டார்கள். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. எறிந்த பொருளைப் பற்றிய படம் என்பதைத் தாண்டி, எறிய வேண்டிய படமே இங்கே பொருளாகிவிட்டது. எண் போட வேண்டிய அவசியமும் இல்லை, ஒவ்வொன்றும் 1/1.

இன்னொன்று. நல்ல பிரிண்ட்டுக்குக் கையால் செய்த பருத்திக் காகிதத்தைத் தேடுவார்கள். அந்தக் காகிதம் எதிலிருந்து வருகிறது? பனியன் ஆலைகளின் வெட்டுத் துணி போன்ற பருத்திக் கழிவிலிருந்து. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகித ஆலை 1959 முதல் இந்தக் காகிதத்தைச் செய்துவருகிறது. மரக்கூழ்க் காகிதம் போல அது சீக்கிரம் மஞ்சளாகாது.

வாங்கி வைத்தால் விலை ஏறுமா?
— ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, ஆனேக்கல்

ஏறாவிட்டாலும் தினமும் பார்க்க ஆசைப்படுவீர்களா? ஆம் என்றால் வாங்குங்கள். இல்லை என்றால் உங்கள் பழைய வங்கியிலேயே போட்டு வையுங்கள்.

பிள்ளைகளை வைத்து ஒரு பிரிண்ட் செய்ய ஆசை. பிரஸ் கிடையாது, பணமும் கிடையாது.
— அரசுப் பள்ளி ஆசிரியை, ஹுஸ்கூர்

பால், பழரசம் வரும் டெட்ரா பேக் அட்டைகளைச் சேகரிக்கச் சொல்லுங்கள். பிரித்து, கழுவி, காயவைத்து விரித்தால் உள்பக்கம் வெள்ளியாக மின்னும். அதுதான் உங்கள் தகடு. பழைய காம்பஸ் முள்ளால் அதன்மேல் அழுத்திக் கீறினால் கோடு. சில இடத்தில் பிளேடால் மேல்தோலை மட்டும் உரித்தெடுத்தால், உள்ளிருக்கும் அட்டை மையைக் குடித்து அடர்ந்த கறுப்பைக் கொடுக்கும். உரிக்கும் வேலையைப் பெரியவர்கள் செய்யுங்கள். எண்ணெய் மையைப் பழைய துணியால் தேய்த்துக் கோடுகளுக்குள் இறக்குங்கள். மேற்பரப்பை நியூஸ்பேப்பரால் மெதுவாகத் துடையுங்கள். கோட்டில் மட்டும் மை நிற்கும். ஈரமாக்கி ஒற்றியெடுத்த தடித்த தாளை மேலே வைத்து, ஒரு துணி போட்டு, ஸ்பூனின் குவிந்த முதுகால் முழு பலத்தையும் கொடுத்துத் தேய்க்க வேண்டும். முதல் பிரதி அநேகமாக வெளுத்துத்தான் வரும், ஈரம் போதாது என்று அர்த்தம். மூன்றாவதிலிருந்து பிடிபட்டுவிடும்.

பத்துப் பதினைந்து பிரதிக்குள் அட்டை நைந்துவிடும். எத்தனையில் நிறுத்துவது என்று நீங்கள் யோசிக்கவே வேண்டாம், பால் பாக்கெட் சொல்லிவிடும். ஒவ்வொரு பிள்ளையும் கீழே பென்சிலால் எண்ணும் பெயரும் எழுதட்டும். எதை வரைவது? அந்தப் பிள்ளையின் வீட்டில் கடைசியாக எறிந்த சாமானை. கைப்பிடி போன குக்கர் மூடியோ, அப்பாவின் காலாவதியான ஐ.டி. கார்டோ, எதுவானாலும் சரி, வரையும் முன் அது வீட்டில் என்ன வேலை செய்தது என்று பிள்ளை இரண்டு வரி சொல்லட்டும். படம் தானாகவே மாறும்.

பிள்ளைகள் ஆலைப் பக்கம் போய் எதையும் பொறுக்கினால்?
— ஒரு தாய், அதே ஊர்

போக விடாதீர்கள். ஊசி, மருந்துக் குப்பி, கையுறை, குழாய் இவையெல்லாம் 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி தனித்தனி நிறப் பையிலோ பெட்டியிலோ போக வேண்டியவை. தெருவில் கிடந்தாலும் தொடக்கூடாது. டியூப்லைட்டில் பாதரசம், பேட்டரியில் அமிலம், லேபிள் இல்லாத டிரம்மில் எதுவும் இருக்கலாம். வீட்டுச் சாமானும் குஜரி கடைக்காரர் பிரித்து வைத்ததும் தாராளமாகப் போதும்.

பிரிண்ட் வாங்கிவிட்டேன். எங்கே மாட்டுவது?
— ஹோசா ரோடு வாசகி

வெயில் நேராக விழாத சுவரில், சமையலறையிலிருந்து தள்ளி. கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி விட்டு, அமிலம் இல்லாத அட்டை வைத்துச் சட்டமிடச் சொல்லுங்கள். செல்லோடேப் தாளில் படவே கூடாது, கறையைப் பிறகு எடுக்க முடியாது. எண்ணும் கையெழுத்தும் மறையும்படி ஓரத்தை வெட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இதையெல்லாம் நேரில் பார்க்க எங்கே போகலாம்? ஞாயிறு மட்டும்தான் லீவு.
— தையல் ஆலைத் தொழிலாளி, ஹெப்பகோடி

2025 ஆகஸ்ட்டிலிருந்து உங்களுக்கு வழி சுலபம். பயோகான் ஹெப்பகோடி ஸ்டேஷனில் மஞ்சள் பாதை ரயில் ஏறி ஆர்.வி. ரோடு, அங்கே பச்சைப் பாதைக்கு மாறி மெஜஸ்டிக், பிறகு ஊதாவில் கப்பன் பார்க். இறங்கினால் கஸ்தூர்பா ரோட்டில் 'மேப்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் கலை, புகைப்பட அருங்காட்சியகம், 2023-இல் திறந்தது. திங்கள்தான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும்.

தையல் ஆலையில் இருக்கும் உங்களுக்காகவே ஒன்று சொல்கிறேன். பிரிட்டிஷ் காலத்தில் மான்செஸ்டரிலிருந்து வந்த துணிகளின்மேல் வண்ணச் சீட்டு ஒட்டியிருக்கும். தெய்வம், ராஜா, யானை, ரயில். எழுத்துப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்து எந்த ஆலைத் துணி என்று கண்டுபிடிக்கலாம். துணியை வெட்டியதும் சீட்டு குப்பைக்குப் போய்விடும். அந்தச் சீட்டுகளைச் சேகரித்து வைத்திருந்த மேப், 2025-இல் 'டிக்கெட் டிக்கா சாப்' என்ற பெயரில் பெரிய கண்காட்சி நடத்தியது. நீங்கள் தினமும் காலரில் தைக்கும் லேபிளின் பாட்டன்மார் அந்தச் சீட்டுகள். நீங்கள் போகும் ஞாயிறன்று என்ன காட்சி என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஜனவரி என்றால், குமாரகிருபா சாலையில் சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்ர சந்தையையும் சேர்த்துப் பாருங்கள். தெரு முழுக்க ஓவியர்கள் தாங்களே நின்று விற்பார்கள். பிரிண்ட் வைத்திருப்பவரிடம் "தகட்டைக் கிழித்துவிட்டீர்களா?" என்று கேளுங்கள்.